இட்டாச்சியா, ஜிரையாவா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய நிஞ்சாக் கதைத் தொடரான நருட்டோவில் வரும் மாயக்கண் வீரன் இட்டாச்சியும், தவளைகளை வரவழைத்துப் போரிடும் மூத்த நிஞ்சா ஜிரையாவும் முழு பலத்துடன் மோதினால் யார் வெல்வார் என்று எனக்கும் என் தம்பிக்கும் நெடுநாளாக வழக்கு. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனாலும் இதே பேச்சுதான். ஜிரையாவுடன் மோதினால் தாங்களும் மடிய வேண்டியிருக்கும் என்று இட்டாச்சியே தன் கூட்டாளி கிசாமேயிடம் சொல்லிவிட்ட பிறகு விவாதிக்க என்ன இருக்கிறது என்பது என் கட்சி. சுக்குயோமி என்ற மாயமும் அமதெரசு என்ற கருந்தீயும் கண்ணிலேயே இருக்கும் ஒருவனைத் தவளைகளைக் கொண்டு வெல்ல முடியாது என்பது தம்பியின் கட்சி. தாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கி., கடலூர் முதுநகர்

அன்புள்ள கி.,

என் வாக்கு உங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் காட்டும் சான்றுக்காக அல்ல. அகாட்சுகி என்னும் குற்றக் கும்பலுக்குள் இருந்துகொண்டே இட்டாச்சி கடைசிவரை தன் சொந்த ஊரான கொனோஹாவுக்கு விசுவாசமாக இருந்தவன் என்பது பின்னால் தெரியவருகிறது. கும்பல் பிடித்துவரச் சொன்ன கதாநாயகன் நருட்டோவை விட்டுவிட்டுத் திரும்பிப் போக அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஜிரையாவின் பெயர் அதற்கு வசதியாக வாய்த்தது. ஆகவே அவன் சொன்னதை விட்டுவிட்டு, அன்று, நருட்டோவும் ஜிரையாவும் தங்கியிருந்த விடுதியில் நடந்ததைப் பார்ப்போம்.

ஜிரையா அந்தத் தாழ்வாரம் முழுவதையும் மியோபோக்கு மலைத் தவளையொன்றின் உணவுக்குழலாக மாற்றிவிடுகிறார். சதைச் சுவர் துரத்திக்கொண்டு வர, இட்டாச்சி அமதெரசுவால் அதில் ஓட்டை போட்டுத் தப்புகிறான். தம்பி இதை இட்டாச்சியின் வெற்றி என்பார். ஆனால் அவன் போனபின் ஜிரையா ஒரு சுருளை விரித்து, தண்ணீருக்கு அணையாத அந்தக் கருந்தீயை அதற்குள் முத்திரையிட்டு அடைத்துவிடுவதையும், சுக்குயோமியையும் அமதெரசுவையும் ஒரே நாளில் செலுத்திய களைப்பில் இட்டாச்சி ஓய்விடம் தேடுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கண்களின் வலிமையோடு அவற்றின் விலையும் தெரியும்.

கண்ணோடு கண் நோக்கும் தூரத்தில் தொடங்கும் சண்டை என்றால் தம்பி சொல்வதே சரி. சுக்குயோமியில் நொடிப்பொழுதே 72 மணி நேரச் சித்திரவதை ஆகிவிடும்; நருட்டோவின் ஆசான் காகாஷியே அதில் படுக்கையில் விழுந்தார். ஆனால் ஜிரையா மறைந்து நின்று காலம் கடத்தத் தெரிந்தவர். ஆறு உடல்களை இயக்கிப் போரிடும் அகாட்சுகித் தலைவன் பெயினுடன் மோதியபோது தோளில் முதுதவளைகளான ஃபுகாசாகுவையும் ஷிமாவையும் ஏற்றிக்கொண்டு, அவர்களுடைய தவளைப் பாட்டால் அவனுடைய மூன்று உடல்களைச் செயலிழக்கச் செய்தார். அந்தப் பாட்டு காது வழியாகப் பிடிப்பது. கபூட்டோ என்ற எதிரியுடனான சண்டையில் தயுயா என்ற பெண்ணின் குழலோசை மாயத்தில் இட்டாச்சியும் சிக்கினான் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் அவன் தம்பி சாஸ்கே இருந்து, இருவரும் ஒருவர்மீது ஒருவர் ஷாரிங்கன் என்னும் கண்ணின் மாயத்தைச் செலுத்திக்கொண்டதால்தான் மீண்டார்கள். தனியாளாக நிற்கும் இட்டாச்சிக்கு அந்த வழி கிடையாது.

எஞ்சுவது சுசானோ, இட்டாச்சியைச் சூழ்ந்து காக்கும் மாபெரும் சக்தி உருவம். ஒரோச்சிமாரு என்ற பெரும் எதிரியையே உறிஞ்சி அடைத்த டோட்சுகா வாளும் யாட்டா கண்ணாடி என்னும் கேடயமும் அதன் கையில் இருப்பதால், தம்பியின் வாதத்தில் வலுவான பகுதி இதுதான். அது ஏந்துபவனின் உடலை அரிப்பது என்றும், இட்டாச்சி நோயாளி என்றும் நீங்கள் சொல்லலாம். ஆனால் ‘முழு பலத்துடன்’ என்று கேட்டதால் நோயைக் கணக்கில் சேர்க்க உங்களுக்கு உரிமை இல்லை. (நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் கர்ணனுக்காக வாதாடுபவர்களும் தேர்ச்சக்கரம் புதையாதிருந்தால் என்றுதான் தொடங்குவார்கள்.) நோயற்ற இட்டாச்சிக்கு முன்னால் ஜிரையா காலம் கடத்துவது கடினம், இருந்தாலும் திறந்தவெளியில், தொலைவிலிருந்து தொடங்கும் சண்டையில் அவர் சமாளித்துவிடுவார் என்றே நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் உண்டு. அந்தப் பாட்டைத் தொடங்கவே நேரம் பிடிக்கும். பாடும் குரலே இருப்பிடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். தம்பி இதை இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கவனித்துவிட்டால் உங்கள் பாடு சற்றுச் சிரமம்தான்.