ஐந்தடி புட் குழிக்குக் கீழே நழுவுகிறதா?

கேள்வி: கோலாலம்பூரில் வார இறுதிகளில் கோல்ஃப் ஆடுகிறேன். ஐந்தாறு அடி தூரப் புட்கூட (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ஆட்டம்) குழியின் கீழ்ப்பக்கமாக, அதாவது சாய்வின் தாழ்ந்த பக்கமாக, நழுவிவிடுகிறது. கிரீனை (குழியைச் சுற்றியுள்ள, குட்டையாக வெட்டிய புல்தரையை) எப்படிப் பார்த்துப் புரிந்துகொள்வது?

பதில்: எப்போதும் கீழ்ப்பக்கமே தப்புகிறது என்றால், பந்து எவ்வளவு வளையும் என்பதைக் குறைத்துக் கணிக்கிறீர்கள். பெரும்பாலோருக்கு உள்ள பழக்கம்தான் இது.

கிரீனை நெருங்கும்போதே பார்க்கத் தொடங்குங்கள். இங்கே பெய்யும் சாயங்கால மழைக்குத் தண்ணீர் தேங்காதபடிதான் கிரீனை அமைக்கிறார்கள். மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று கண்டுபிடித்தால் பெரிய சாய்வு தெரிந்துவிடும். பிறகு பந்துக்கும் குழிக்கும் நடுவே, தாழ்ந்த பக்கம் சில அடி தள்ளி நின்று பாருங்கள். ஏற்றமா இறக்கமா என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். கடைசியாகப் பந்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். கண்ணில் சந்தேகம் இருந்தால் பாதத்தை நம்புங்கள்: எந்தக் காலில் எடை கூடுகிறதோ அதுவே தாழ்ந்த பக்கம்.

பந்து ஓடவேண்டிய கோட்டைத் தீர்மானிக்கும் முன் வேகத்தை முடிவு செய்யுங்கள். தப்பினால் ஓர் அடி தாண்டி நிற்கும் வேகம் போதும். குழியின் அகலம் 108 மி.மீ.; மெதுவாக வரும் பந்து ஓரத்தில் பட்டாலும் விழும், வேகமாக வருவது நடுவில் வந்தால்தான் விழும். வேகம் குறையும்போதுதான் பந்து அதிகம் வளைகிறது. ஆகவே குழியைச் சுற்றியுள்ள கடைசி இரண்டு மூன்றடியை மற்ற இடத்தைவிடக் கவனமாகப் பாருங்கள். ஒரே சாய்வில் இறக்கப் புட் ஏற்றப் புட்டைவிட அதிகம் வளையும்.

நம் ஊரில் புல்லையும் பார்த்தே ஆகவேண்டும். பெர்முடா, செராங்கூன் வகைப் புற்கள் ஒரு திசையில் படிந்து வளரும். பந்திலிருந்து பார்க்கையில் புல் பளபளத்தால் அது உங்களை விட்டு விலகிப் படிந்திருக்கிறது, பந்து ஓடும். கருமையாகத் தெரிந்தால் எதிர்ப்புல், பந்து தடைபடும். இன்னும் உறுதியாக அறியக் குழியின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் எதிர்ப்பக்கம் பிய்ந்து பழுப்பாகவும் இருக்கும். குழி வெட்டியபோது வேர் அறுந்த புல் அந்தப் பக்கம் காய்ந்துவிடுகிறது. பழுப்பு இருக்கும் பக்கம் நோக்கியே புல் சாய்ந்திருக்கிறது. சாய்வும் புல்லும் ஒரே பக்கம் என்றால் வளைவைக் கூட்டுங்கள். எதிரெதிர் என்றால் குறையுங்கள்.

காலைப் பனியிலும் மழை விட்ட பிறகும் கிரீன் மெதுவாகிவிடும், வளைவும் குறையும். கோட்டில் உள்ள பனியைத் துடைக்கக் கூடாது. புல்லைத் தேய்த்தோ பந்தை உருட்டியோ சோதிக்கவும் கூடாது. மீறினால், மொத்தம் எத்தனை முறை அடித்தீர்கள் என்று எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக் கூட்டுவது தண்டனை. காலணித் தடங்களைச் சரிசெய்ய 2019 முதல் அனுமதி உண்டு.

பயிற்சி கிரீனில் சற்றுச் சாய்ந்த இடத்துக் குழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுற்றி ஐந்தடி தூரத்தில் எட்டு டீ (பந்தைத் தாங்கும் சிறு முளை) குத்துங்கள். எங்கிருந்து பந்து வளையாமல் நேராக ஏறிப் போகிறதோ அதுதான் சாய்வுக் கோடு. அதற்குச் செங்குத்தான இரு பக்கங்களிலிருந்தும் வளைவு மிக அதிகம். அங்கே ஒவ்வொரு புட்டுக்கு முன்பும், பந்து எந்தப் புள்ளியில் திரும்பும் என்று கணித்து ஒரு நாணயம் வையுங்கள். பந்து நாணயத்துக்குக் கீழே ஓடித் தப்பினால், அடுத்த முறை நாணயத்தை இன்னும் மேலே நகர்த்துங்கள், வேகத்தை மாற்றாதீர்கள்.