டெசாக்கி அனிமேல சீன் நடுவுல படம் ஏன் அப்படியே உறையுது?

ஒசாமு டெசாக்கி ஜப்பான் அனிமே (கார்ட்டூன்) டைரக்டர். 1963ல அனிமே ஸ்டுடியோவான முஷி ப்ரொடக்‌ஷன்ல சேர்ந்தவர், 1970ல வந்த 'அஷிதா நோ ஜோ' பாக்ஸிங் சீரியல்தான் அவர் டைரக்டரா பண்ண முதல் டிவி தொடர். அதுலயும், 1979ல வந்த 'ரோஸ் ஆஃப் வெர்சாய்' தொடர்ல பாதில டைரக்‌ஷன் அவர் கைக்கு வந்ததுக்கு அப்புறமும், முக்கியமான நொடில காட்சி சட்டுனு நின்னு கைல தீட்டின பெயிண்டிங் மாதிரி ஆகிடும், இதத்தான் 'போஸ்ட்கார்டு மெமரி'ன்னு சொல்றாங்க.

காரணம் முதல்ல காசும் நேரமும்தான். வாராவாரம் ஒரு எபிசோட் கொடுக்கணும், நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினாலும் புதுசா வரையறது பெரும்பாலும் 8 படம்தான், அதுவே ஆளுங்கள கொன்னுடும். எல்லாருமே அசைவைக் குறைச்சாங்க, இந்த மனுஷன் மட்டும் குறைச்ச இடத்தையே ஹைலைட்டா மாத்திட்டார் (எனக்கு இதுதான் அவரோட பெரிய கெட்டிக்காரத்தனம்).

கல்யாண வீடியோ மூணு மணி நேரம் ஓடும், யாரும் திரும்பப் பாக்க மாட்டோம், ஆனா ஆல்பத்துல தாலி கட்டுற அந்த ஒரு போட்டோல கண்ணு நின்னுடும்ல, அதே கதைதான்.

'வரைய சோம்பேறித்தனம்'னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அந்த ஒத்தப் படத்துல கோடும் நிழலும் சாதாரண ஃப்ரேமை விட ரொம்ப அதிகம்.