மார்ச் போனஸை நம்பி ஐந்து கல்யாணம்

கேள்வி: எனக்கு 29 வயது. லண்டன் சிட்டியில் ஒரு சட்ட நிறுவனத்தில் சொலிசிட்டர் (வழக்கறிஞர்). பென்ஷன் பிடித்தம் போக ஆண்டுச் சம்பளம் 1,00,000 பவுண்டு. வரி, ஸ்டூடண்ட் லோன் (பிளான் 2 வகைக் கல்விக் கடன்) எல்லாம் போய் மாதம் 5,150 பவுண்டு கைக்கு வருகிறது. கிளையன்ட் விருந்து, முன்னாள் மாணவர் சந்திப்பு, வழக்கறிஞர் கூட்டம் என்று வாரத்தில் மூன்று மாலை செலவாகிறது. அடுத்த ஓராண்டில் நண்பர்களின் ஐந்து கல்யாணங்கள். அவற்றுக்கு முன் மணப்பெண்ணுக்குத் தோழிகள் வைக்கும் இரண்டு ஹென் பார்ட்டிகள், ஒன்று லிஸ்பனில். கிரெடிட் கார்டில் 3,000 பவுண்டு பாக்கி. மார்ச்சில் 8,000 பவுண்டு போனஸ் வரும் என்கிறார்கள். அதை வைத்துச் சமாளித்துவிடலாமா?

பதில்: அந்த 8,000-ல் உங்களுடையது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியதும், ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வரியில்லா வரம்பான 12,570-ல் 1 பவுண்டு குறைகிறது. ஆகவே 40% வரி நடைமுறையில் 60% ஆகிவிடும். சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்பீடான நேஷனல் இன்ஷூரன்ஸ் 2%, ஸ்டூடண்ட் லோன் 9% சேர்த்தால் 71%. மிஞ்சுவது 2,320 பவுண்டு.

இதில் ஒரு பொறியும் உண்டு. எவ்வளவு வரி பிடிப்பது என்று சம்பளப் பிரிவுக்குச் சொல்லும் உங்கள் டாக்ஸ் கோட் பழைய வருமானத்தை வைத்தே இருந்தால், சம்பளப் பிரிவு போனஸ் மாதத்தில் 40% வரி மட்டுமே பிடிக்கும். 3,920 பவுண்டு கணக்கில் விழும். நீங்கள் லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டுவிடுவீர்கள். பல மாதம் கழித்து வரித்துறையான ஹெச்எம்ஆர்சி மீதி 1,600-ஐக் கேட்கும், அல்லது அடுத்த ஆண்டு டாக்ஸ் கோட்-ஐ மாற்றிச் சம்பளத்திலேயே பிடிக்கும். அப்போது பணம் இருக்காது.

என் யோசனை: போனஸ் முழுவதையும் சேலரி சாக்ரிஃபைஸ் முறையில், அதாவது கைக்கு வராமல் நிறுவனமே நேராகப் போடும்படி, பென்ஷனுக்கு மாற்றுங்கள். கையில் வாங்கினால் 2,320. அங்கே போட்டால் 8,000 அப்படியே போய்ச் சேரும். ஆனால் 57 வயதுக்கு முன் அதை எடுக்க முடியாது. அவசரத்துக்கென்று கையில் ஒன்றுமே இல்லையென்றால் பாதியை மட்டும் மாற்றுங்கள். போனஸ் உங்களுக்குச் சேர வேண்டிய தொகையாக உறுதியாவதற்கு முன்பே இதற்கான படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தவறவிட்டால் சொந்தமாக ஒரு பென்ஷன் கணக்கில் 6,400 பவுண்டு போடுங்கள், அரசு 1,600 சேர்க்கும். கூடுதல் வரிச் சலுகையை ஹெச்எம்ஆர்சியிடம் தனியாகக் கேட்டு வாங்கலாம். நேஷனல் இன்ஷூரன்ஸும் ஸ்டூடண்ட் லோனுக்குப் போனதும் திரும்பி வராது.

அப்படியானால் கல்யாணங்களுக்கு? மாதச் சம்பளத்திலிருந்துதான். கல்யாணம் ஒன்றுக்குப் பயணம், அறை, உடை, அன்பளிப்பு சேர்த்து 350 என்று வைத்தால் 1,750. ஹென் பார்ட்டிகளுக்கு 500 வீதம் 1,000. பிறந்தநாள் விருந்துகளுக்கு மாதம் 40 வீதம் 480. மொத்தம் 3,230, மாதத்துக்கு ஏறக்குறைய 270. சம்பளம் வந்த மறுநாளே ஸ்டாண்டிங் ஆர்டர் மூலம் இது ஒரு தனிக் கணக்குக்குப் போகட்டும். முதல் கல்யாணம் நான்கு மாதத்துக்குள் வந்தால், தொடக்கத்தில் 400 போட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹென் பார்ட்டியில் பணம் போவது பெரும்பாலும் முன்பணத்தில்தான். தோழி ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்து புக் செய்ய, நீங்கள் அவள் கணக்குக்குப் பங்கை அனுப்பினால், கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் 1974-ன் 75-வது பிரிவு தரும் பாதுகாப்பு (விற்றவர் ஏமாற்றினால் கிரெடிட் கார்டு நிறுவனமும் பொறுப்பேற்பது) உங்களுக்குக் கிடைக்காது. 100 பவுண்டுக்கு மேற்பட்ட விமான டிக்கெட்டை உங்கள் பெயரிலேயே, உங்கள் கிரெடிட் கார்டிலேயே வாங்குங்கள். பாக்கி நிற்கும் கார்டில் வேண்டாம், அதில் புதிய செலவுக்கும் உடனே வட்டி ஓடும். வேலை காரணமாகப் பயணம் ரத்தானால் சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. விடுப்பை ரத்து செய்யச் சொல்லும் பார்ட்னர் (நிறுவனப் பங்குதாரர்) நஷ்டத்தை நிறுவனம் ஏற்கும் என்றால், அதை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். கல்யாணத்துக்குப் போய், லிஸ்பனுக்கு மட்டும் வரவில்லை என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அழைப்பு வந்த வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி கிளையன்ட் செலவு. இதை உங்கள் கையிலிருந்து போட்டுவிட்டு வரிச் சலுகை கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். ஊழியர் சொந்தப் பணத்தில் செய்யும் தொழில் விருந்துக்கு வரிக்கழிவு கிடையாது. நிறுவனம் திருப்பித் தருவதுதான் ஒரே வழி. போவதற்கு முன் யாருடைய பட்ஜெட்டில் எழுதுவது என்று கேளுங்கள். கார்டு சீட்டு போதாது, என்ன வாங்கினீர்கள் என்று காட்டும் ரசீது வேண்டும். வந்தவர்களின் பெயர், நிறுவனம், நோக்கம் ஆகியவற்றை அன்றே குறித்துவையுங்கள். 35 பவுண்டுதானே என்று விட்டுவிட்டால், அதை ஈடுகட்ட, ஒரு லட்சத்துக்குள் உங்களுக்குப் பிடிக்கும் 51% போக, 71 பவுண்டு சம்பாதிக்க வேண்டும். கிளையன்டே கல்யாணத்துக்கு அழைத்தால் அன்பளிப்பு கொடுக்குமுன் அலுவலகத்தின் அன்பளிப்புப் பதிவேட்டு விதியைப் பாருங்கள். லஞ்சத் தடைச் சட்டம் 2010 காரணமாக இதில் பல நிறுவனங்கள் கண்டிப்பாக இருக்கின்றன.

மற்ற கூட்டங்களுக்கு மாதம் 80 பவுண்டு, இரண்டு மாலை போதும். வாரம் மூன்று என்பது உங்கள் கட்டத்தில் அதிகம். உங்கள் அலுவலகத்துக்காரர்களே நிறைந்திருக்கும் கூட்டத்தை முதலில் வெட்டுங்கள். கிளையன்ட் நிறுவனத்தில் உங்கள் வயதில் இருக்கும் வழக்கறிஞர்தான் பத்தாண்டில் உங்கள் நிறுவனத்துக்கு வேலை கொடுக்கும் இடத்துக்கு வருவார். அவரோடு காலையில் அரைமணி நேரக் காபி 10 பவுண்டுக்குள் முடியும். இரவு விருந்துக்குப் போனால் டாக்சிக்கே அதைவிட அதிகம். ஆறு மாதம் கழித்துப் பட்டியலைப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் பார்த்த யாருக்கும் அதன்பின் நீங்கள் எழுதவே இல்லையென்றால், அதற்கு மறுபடி போக வேண்டாம்.

கார்டு பாக்கியை, குறிப்பிட்ட காலம் வட்டி வாங்காத 0% பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டுக்கு மாற்றி, மாதம் 250 கட்டினால் ஓராண்டில் முடிந்துவிடும். மாற்றும் கட்டணம் தொகையோடு சேர்க்கப்படும், அதற்குக் கடைசியில் இன்னும் ஒரு மாதம் தேவைப்படலாம். 270, 80, 250 மூன்றும் சேர்ந்து 600. 5,150-ல் இது தாங்கும், வாடகை பாதியைத் தின்னாத வரை. பென்ஷன் படிவத்தின் கடைசித் தேதியை மட்டும் இன்றே சம்பளப் பிரிவிடம் கேளுங்கள்.