கள்ளிச் சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

கள்ளி, சக்குலென்ட் (இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் செடி) வளர்ப்பவர்களின் சங்கத்தில் பல வருடங்களாக உறுப்பினராக இருக்கிறேன். சேரலாமா என்று யோசிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: வீடியோக்களிலேயே எல்லாம் சொல்லித் தருகிறார்களே. சந்தா கட்டி எதற்குச் சேர வேண்டும்?

வீடியோவில் பேசுபவர் உங்கள் செடியைப் பார்த்ததில்லை, அதுதான் சிக்கல். நான் லித்தாப்ஸ் வளர்த்த கதையைச் சொல்கிறேன். கூழாங்கல் மாதிரி இருக்கும் அந்தச் செடியின் இலைகள் சுருங்க ஆரம்பித்தன. தாகம் போல என்று தண்ணீர் ஊற்றினேன். நான்கு செடிகள் அழுகிப் போயின. ஐந்தாவதைக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூத்த உறுப்பினர் ஒரு அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் செய்யாதீர்கள், அது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது" என்றார். நடுவில் புது ஜோடி இலை வரும்போது, அது பழைய இலைகளில் இருக்கும் நீரைத்தான் உறிஞ்சி வளரும். பழையவை காகிதமாகக் காயும்வரை தண்ணீரே கொடுக்கக் கூடாது. இதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆனால் என் தொட்டியில் நடப்பது அதுதான் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் கள்ளி வருடா வருடம் பூக்கிறது, காய்ப்பதே இல்லை. இதற்குச் சங்கம் என்ன செய்யும்?

மகரந்தம் தரும். பல கள்ளிகள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. ஃப்ரைலியா என்ற சின்னக் கள்ளி மாதிரி சில விதிவிலக்கு, அது பூவை விரிக்காமலேகூட விதை கட்டிவிடும். மற்றவற்றுக்கு, அதே இனத்தில் வேறொரு செடி பூத்திருக்க வேண்டும். உங்கள் செடியிலிருந்தே ஒடித்து வைத்த துண்டு உதவாது, இரண்டும் ஒரே செடிதான். எக்கினாப்சிஸ் என்ற கள்ளியில் பல இனங்கள் இரவில் மலர்ந்து மறுநாளே தொங்கிவிடும். அந்த ஒரு இரவில் ஜோடிக்கு எங்கே போவது? எங்கள் ஆட்கள் மொட்டு பருக்கும்போதே ஒருவருக்கொருவர் சொல்லி வைப்பார்கள், தூரிகையோடு வந்து நிற்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: கள்ளியும் சக்குலென்ட்டும் ஒன்றா?

கள்ளிகள் சக்குலென்ட்டில் ஒரு குடும்பம். முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு வைத்த மாதிரி சின்னத் திட்டு இருந்தால் அது கள்ளிக் குடும்பம். நம் மொழியில் சப்பாத்திக்கள்ளியும் கள்ளிதான், சதுரக்கள்ளியும் கள்ளிதான். ஆனால் முதலாவது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிக் குடும்பம், இரண்டாவது யூஃபோர்பியா என்ற வேறு குடும்பத்துச் செடி. யூஃபோர்பியாவை வெட்டினால் வரும் பால் கண்ணில் படவே கூடாது.

கேள்வி: அபூர்வச் செடிகள் சுலபமாகக் கிடைக்குமா?

விதையிலிருந்து வளர்த்தவை கிடைக்கும். காட்டிலிருந்து பிடுங்கியவை வேண்டுமென்றால் எங்களிடம் வராதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் ஏறக்குறைய கள்ளிக் குடும்பம் முழுவதுமே அடங்கும். அரியோகார்ப்பஸ் என்ற கள்ளி மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கோனோஃபைட்டம் என்ற சின்னச் சக்குலென்ட்டை மூட்டை மூட்டையாகத் தோண்டிக் கடத்துகிறார்கள். வெட்டுப்பட்ட தடித்த வேர், பழைய வெயில் தழும்பு, ஒழுங்கில்லாத உடம்பு இவற்றைப் பார்த்ததும் அனுபவசாலிகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்தக் கண் உங்களுக்கும் வர வேண்டும் என்றால் நிறையச் செடிகளை நேரில் பார்க்க வேண்டும்.

கேள்வி: லேபிளில் ஏதோ எண்கள் எழுதுகிறார்களே, அது என்ன?

களச் சேகரிப்பு எண். உதாரணமாக, லித்தாப்ஸை ஆராய்ந்த டெஸ்மண்ட் கோல் தான் பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்தார். எண் இருந்தால் உங்கள் செடியின் முன்னோர் எந்த இடத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லலாம். லேபிள் தொலைந்தால் அழகான செடி, அவ்வளவுதான். தயவுசெய்து பென்சிலில் எழுதுங்கள், பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.

கேள்வி: சங்கத்தால் தொல்லையே கிடையாதா?

உண்டு. பரிமாறிக்கொள்ளும் செடியோடு வேர் மாவுப்பூச்சியும் வரும். மண்ணைத் தட்டி வேரைப் பாருங்கள், வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் கழுவுங்கள், எப்படியும் சில வாரங்கள் தனியாக வையுங்கள். அப்புறம் பெயர்ச் சண்டை. ஹவோர்த்தியா என்ற சக்குலென்ட் வகையைப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஹவோர்த்தியாப்சிஸ் என்று வைத்தார்களே, லேபிளை மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் மாற்றவில்லை.

கேள்வி: கஷ்டப்பட்டு வளர்த்த செடியின் கன்றை ஏன் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்?

என்னிடம் மாமில்லேரியா என்ற கள்ளியின் கொத்து ஒன்று இருந்தது. தொட்டி நிறைந்தபோது மனசில்லாமல் ஒரு கன்றைப் பிரித்து ஒருவருக்குக் கொடுத்தேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் வேரழுகல் வந்து என் கொத்து முழுவதும் போய்விட்டது. அவர் தன் செடியிலிருந்து ஒரு கன்றை எடுத்து, என் கையெழுத்தில் இருந்த அதே லேபிளோடு திருப்பிக் கொடுத்தார். இப்போது அதில் ஆறு கன்றுகள் வந்திருக்கின்றன. இரண்டை வேறு வேறு வீடுகளுக்கு அனுப்பிவிட்டேன்.