கற்றாளைச் சட்டியில் பெயர் அழிந்தால் என்ன எழுதுவது?

கேள்வி (வெள்ளவத்தை, கொழும்பு): மேல்மாடியில் அறுபது சட்டி ஆபிரிக்கக் கற்றாளை வளர்க்கிறேன். அதில் ஒரு புள்ளிக் கற்றாளை தாவரத் தோட்டச் சேகரிப்பில் இருந்து வந்தது, அட்டையில் அலோ மக்குலாட்டா என்று இருந்தது. அதன் விதையில் முளைத்த கன்றுகள் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. மழையில் மற்ற அட்டைகளும் அழிந்துவிட்டன. எந்தப் பெயரில் விற்பது?

பதில்: தங்கச்சி, அந்தக் கன்றுகளை மக்குலாட்டா என்று விற்க வேண்டாம். கற்றாளை பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. உங்களிடம் அது ஒரே ஒரு செடிதான் என்றால், விதை பிடித்ததே பக்கத்துச் சட்டிக்காரனின் மகரந்தத்தால்தான், அதற்கு ஒரு தேன்சிட்டு காலையில் பூவுக்குப் பூ தாவினாலே போதும். ஆபிரிக்காவில் மலைக்கு மலை பிரிந்து வளர்கிற இனங்களை நாங்கள் இரண்டடி இடைவெளியில் வைத்துவிடுகிறோம், பெரிய தாவரத் தோட்டங்களிலும் இதே சிக்கல்தான். அடியில் வெடிக்கிற பக்கக்கன்று மட்டும் தாயேதான். தாய் பூக்கும்போது பூங்கொத்தின் உச்சி, மக்குலாட்டாவுக்கு இருக்க வேண்டியபடி, குடை விரித்த மாதிரித் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பக்கக்கன்றைத் தாராளமாக அந்தப் பெயரில் கொடுங்கள். விதைக்கன்றுக்கு 'தாய் மக்குலாட்டா, தந்தை தெரியாது' என்று எழுதுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அட்டை அழிந்ததுகளுக்கு இலையைப் பார்த்து ஊகித்துப் பெயர் வைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கொழும்பு மழையிலும் நிழலிலும் இலை நீண்டு பச்சையாகிவிடும், அதே செடி காய்ந்த வெயிலில் சிவக்கும். பிழையான பெயர் ஒருமுறை ஏறினால் ஒவ்வொரு பக்கக்கன்றோடும் ஊர் ஊராகப் போகும். சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு சட்டிக்கும் ஓர் எண் கொடுங்கள். கொப்பியில் அந்த எண்ணுக்கு நேரே எங்கிருந்து, எப்போது வந்தது என்று எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். பூக்கும்போது பூவின் நீளத்தை மில்லிமீற்றரில் அளந்து, தண்டு கிளைத்ததா ஒற்றையா என்று குறியுங்கள். இலை நுனியை வெட்டி, வடிகிற பாலில் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். மறுநாள் காலையில் அது மஞ்சளாகவே நிற்கிறதா, மண்ணிறமா, ஊதாவா என்று பார்த்து எழுதினால், பிறகு இனம் பிரிக்கிறவருக்குப் பெரிய உதவி.

பெயர் மாறும், எண் மாறாது. அலோ டைகோட்டோமா என்று நாங்கள் படித்த மரக்கற்றாளையை 2013இல் அலோய்டென்ட்ரன் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். எண் போட்டு வைத்தவர்களுக்கு அட்டையை மாற்றுகிற வேலை மட்டும்தான்.

மார்க்கர் பேனை வெயிலில் மங்கிவிடும். அலுமினியத் தகட்டில் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள், பல வருசம் நிற்கும். அப்புறம், வெளிநாட்டுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால், சோற்றுக் கற்றாளை தவிர மற்றெல்லா அலோவுக்கும் சைட்டீஸ் அனுமதி வேண்டும், அதாவது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தத்தின்படியான அனுமதி.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. தோட்டத்து அட்டையில் பெயரோடு ஒரு சேகரிப்பு எண்ணும் இருந்திருக்கும். வாங்கிய நாளில் கைபேசியில் எடுத்த படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். எண் கிடைத்தால், உங்கள் செடியின் தாய் எந்த நாட்டில் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று அந்தத் தோட்டத்திடமே கேட்கலாம்.