கையில் கருத்தடைக் குச்சி வைத்தபின் மாதவிடாய் நின்றால் ஆபத்தா?

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பிள்ளை தங்காமலிருக்க மேற்கைத் தோலுக்கடியில் குச்சி வைத்து நான்கு மாதமாகத் தீட்டு வரவில்லை, "கெட்ட இரத்தம் வயிற்றில் தேங்குகிறது, இனிப் பிள்ளை தங்காது" என்று மாமியார் பயப்படுகிறார்.

எதுவும் தேங்கவில்லை, தங்கச்சி. குச்சியிலிருந்து கசியும் ஓமோன் கர்ப்பப்பையின் உட்படலத்தை மெலிதாக்குகிறது. உதிர்வதற்குப் போதிய படலம் இல்லாததால் இரத்தமும் இல்லை. வேறு சிலருக்கு நேர்மாறாக, பல நாட்கள் சொட்டுச் சொட்டாகப் படும். நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது பெரும் அவஸ்தை. "எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்புவது போதாது. மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள், குறைக்க மருந்து உண்டு.

பிள்ளை பற்றிய பயமும் வேண்டாம். இரட்டைக் குச்சியான ஜடேல் ஐந்து ஆண்டு வரை காக்கும். எடுத்ததும் சில நாட்களில் ஓமோன் உடலைவிட்டு நீங்கிவிடும். முதல் தீட்டுக்கு முன்பேகூடக் கரு தங்கலாம். கரு தங்குவதைத் தாமதமாக்குவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிதான், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்துகள் குச்சியின் பலனைக் குறைக்கும். குமட்டலோ அடிவயிற்றில் கடும் வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.