பிரஷரைக் கூட்டுறதுக்கு முன்னாடி மாஸ்க்கைப் பாருங்க

ஸ்லீப் லேப்ல 17 வருஷம் நைட் டியூட்டி பார்த்தவன் நான். இப்போ கொருக்குப்பேட்டை வீட்டுல அஞ்சு வருஷமா நானே சிபேப் மாஸ்க் மாட்டிக்கிட்டுத்தான் படுக்குறேன். தூங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு போறவங்களுக்கு, மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிற மெஷின்தான் சிபேப். டெக்னீஷியன்தான், டாக்டர் இல்ல. அதனால நான் சொல்ற எண் எதையும் மெஷின்ல மாத்துறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வந்த கேள்விகள்ல பாதி "பிரஷரை ஏத்தலாமா?"ங்கிறதுதான்.

திருவொற்றியூர், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர்: அண்ணா, பிரஷரை 8-ல வச்சுக் குடுத்தாங்க. நாலு மாசம் நல்லா இருந்துச்சு. இப்போ காலையில தலைவலி. ஏ.எச்.ஐ. 14 காட்டுது. 12 ஆக்கிடலாமா?

இப்போதைக்குத் தொடாதீங்க தம்பி. ஏ.எச்.ஐ.ங்கிறது ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை மூச்சு 10 செகண்டுக்குக் குறையாம நின்னுச்சு, இல்ல நல்லா குறைஞ்சுச்சுங்கிற கணக்கு. மெஷின் போட்டபிறகு அது 5-க்குக் கீழே இருக்கணும். 14-ன்னா பாதி வைத்தியம்தான் நடக்குது. ஆனா நாலு மாசம் நல்லா இருந்தது இப்போ கெட்டிருக்கு. அதுக்குள்ள தொண்டை மாறியிருக்கும்னு எனக்குத் தோணலை. மாஸ்க் மாறியிருக்கும்.

மெஷின் குடுக்கிற ரிப்போர்ட்ல லீக்னு ஒரு எண் இருக்கும். ரெஸ்மெட் கம்பெனி மெஷின்ல நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினா கசிவு அதிகம்னு அர்த்தம். அந்த நிலைமையில பிரஷரை ஏத்துறது, ஓட்டை பைப்பை அடைக்காம மோட்டரை வேகமா ஓட்டுற கதை. கசிவுதான் கூடும்.

மாஸ்க் விளிம்புல இருக்கிற சிலிக்கானை விரலால தடவிப் பாருங்க. வழவழன்னு, லேசா மஞ்சளா, கொழகொழத்த மாதிரி இருந்தா அதோட ஆயுசு முடிஞ்சுது. நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வையும் முகத்து எண்ணெயும் சேர்ந்து அதைச் சீக்கிரமே கெடுத்துடும். தினமும் காலையில கொஞ்சம் சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க. பொருத்திப் பார்க்கிறதைப் படுத்துக்கிட்டே செய்யுங்க. உட்கார்ந்திருக்கும்போது ஒரு கன்னம், படுத்தா வேற கன்னம். மூக்கு ஓரமா கண்ணுக்குக் காத்து அடிச்சா அங்கதான் ஓட்டை. அதுக்காக வாரை இறுக்காதீங்க, ஒரு விரல் நுழையணும். தாடி விட்டிருந்தா, அதுவும் ஒரு காரணம்.

கசிவு சரியாகியும் எண் இறங்கலைன்னா, அந்த 14 எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு பாருங்க. தொண்டை அடைச்சு நின்ன மூச்சுதான் அதிகம்னா, டாக்டர் சம்மதத்தோட 1 கூட்டி, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். லேப்ல நாங்க 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைகூட 1 ஏத்துவோம், ஏன்னா மூளை அலை, ஆக்சிஜன், நெஞ்சு அசைவு எல்லாம் ஸ்கிரீன்ல ஓடும். உங்ககிட்ட இருக்கிறது காலையில பார்க்கிற ஒரு எண்தான். 'சென்ட்ரல்'னு போட்டிருக்கிறது அதிகம்னா கதையே வேற. அங்க மூச்சுவிடச் சொல்லி மூளை உத்தரவு குடுக்கலை. பிரஷரை ஏத்தினா அது கூடவும் கூடும். ரிப்போர்ட்டோட நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

இன்னொண்ணு, எண் இறங்குறவரைக்கும் நைட் டிரிப் எடுக்காதீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஹார்பர் வரிசையில நிக்கும்போதே கண்ணு சொக்குற ஆளுங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்.

ராயபுரம், டீச்சர்: பிரஷரைத் தானே ஏத்தி இறக்கிக்கிற ஆட்டோ மெஷின், 4-லிருந்து 20 வரைக்கும் வச்சிருக்காங்க. மாட்டினதுமே மூச்சு முட்டுது. 4-ஐ இன்னும் குறைக்க முடியாதா?

முடியாதும்மா, 4-தான் அடிமட்டம். முட்டுறதே அது பத்தாததாலதான். நிறைய பேருக்கு 4-ல போதுமான காத்து வராது, ஸ்ட்ரா வழியா மூச்சு விடுற மாதிரி இருக்கும். கீழ் எல்லையை 6 இல்ல 7 ஆக்கச் சொல்லிக் கேளுங்க. ஆரம்பத்துல பிரஷரை மெதுவா ஏத்துற 'ரேம்ப்' 45 நிமிஷம்னு இருந்தா அதையும் குறைங்க.

4-20ங்கிறது பெட்டியில வர்ற அளவு. உங்க அளவு ரிப்போர்ட்ல 95 சதவீதம்னு போட்ட பிரஷர்ல இருக்கு. ராத்திரி 100 நிமிஷத்துல 95 நிமிஷம் மெஷின் அந்த எண்ணையோ அதுக்குக் கீழேயோதான் தொட்டிருக்கும். அது 11-ன்னு வந்தா கீழே 7, மேலே 13-ன்னு டாக்டர் சுருக்கித் தருவார். கடைக்காரங்க பெட்டியைப் பிரிச்சு அப்படியே குடுத்துட்டுப் போறதுல எனக்குக் கோபம் உண்டு.

காசிமேடு: வயிறு கல்லு மாதிரி ஆயிடுது அண்ணே, காலையில ஒரே ஏப்பம்.

காத்து உணவுக்குழாய்ல இறங்குது. மேல் எல்லையைக் கொஞ்சம் இறக்கலாம், மூச்சை விடும்போது பிரஷரை 1-லிருந்து 3 வரைக்கும் தளர்த்துற வசதி இருந்தா போடலாம். தலைமாட்டை உயர்த்தி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. பத்து மணிக்கு வஞ்சிரம் வறுவலும் சோறும் முடிச்சு பத்தரைக்கு மாஸ்க் மாட்டினா, எந்த எண்ணும் உதவாது. குடிச்சுட்டுப் படுத்தா இன்னும் மோசம், தொண்டைச் சதை தளர்ந்துடும்.

வியாசர்பாடி: தூங்கும்போது கரண்ட் போனா மூச்சு முட்டிச் செத்துடுவேனா?

மாட்டீங்க. மாஸ்க்ல காத்து வெளியேற துளை இருக்கு. வாயையும் மூடுற பெரிய மாஸ்க்ல தானா திறக்கிற வால்வும் உண்டு. புழுக்கத்துல முழிச்சுக்குவீங்க, அவ்வளவுதான். இன்வெர்ட்டர்ல ஓட்டுறதா இருந்தா ஹியூமிடிஃபையர், அதாவது காத்துல ஈரம் சேர்க்கிற தண்ணித் தொட்டியோட சூட்டை அணைச்சுடுங்க, பேட்டரியைத் தின்கிறதே அதுதான்.

பெரம்பூர்: அந்தத் தொட்டியில கேன் வாட்டர் ஊத்தலாமா? இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணி?

டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். பேட்டரி தண்ணி மூச்சுக்குள்ள போறதுக்காகத் தயாரிச்சதில்ல. தினமும் கொட்டிட்டுப் புதுசு ஊத்துங்க.

மணலி: ஃபில்டர் ரெண்டே வாரத்துல கறுத்துடுது.

அங்க அப்படித்தான். தேதி பார்க்காதீங்க, நிறம் பார்த்து மாத்துங்க. பேப்பர் மாதிரி வெள்ளையா இருக்கிறதைத் தட்டியோ கழுவியோ திரும்பப் போடக்கூடாது.

புளியந்தோப்பு: நண்பரோட அப்பா போட்ட ஃபிலிப்ஸ் மெஷின் சும்மா கிடைக்குது. வாங்கலாமா?

மெஷின்ல இருக்கிற எண் அவர் தொண்டைக்கு வச்சது, உங்களுக்கு இல்ல. போதாததுக்கு, 2021 ஜூன்ல ஃபிலிப்ஸ் தன்னோட பல மாடல்களைத் திரும்ப வாங்கிக்கிறதா அறிவிச்சது. சத்தம் குறைக்க உள்ளே வச்ச ஃபோம் உதிர்ந்து காத்தோட வரலாம்ங்கிறதுதான் காரணம். சீரியல் நம்பரைப் பார்க்காம தொடாதீங்க.

தண்டையார்பேட்டை, ஒரு அக்கா: அவரு மெஷின் போட்டதிலிருந்து குறட்டையே இல்ல. இப்போ எனக்குத்தான் தூக்கம் வரலை. மூச்சு ஓடுதான்னு எழுந்து எழுந்து மாஸ்க் துளையில கையை வச்சுப் பார்க்கிறேன்.

அதை வச்சுச் சொல்ல முடியாதுக்கா. மூச்சு நின்னாலும் அந்தத் துளையில காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். கையை எடுத்துட்டு காதைக் குடுங்க. மெஷின் சத்தம் மூச்சோட சேர்ந்து லேசா ஏறி இறங்கும். லேப்ல முதல் ஒரு மாசம் நானும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினேன்.